கலைவாணியின் சாதிச் சான்றிதழ்

"நான் கிறிஸ்டியனுங்க சார். அப்படியே எழுதிருங்க."

கிராம நிர்வாக அலுவலராக, அதாவது விஏஓவாக, இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சாதிச் சான்றிதழுக்காக நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு விசாரணைக்குப் போயிருக்கிறேன். நான் கேட்காமலே இந்த வாக்கியத்தைச் சொன்னவர் ஒருவர்தான். கோபிசெட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு வாய்க்கால் கரைக் கிராமம். பெண்ணின் பெயர் கலைவாணி. நர்சிங் படித்தவள். வயது இருபத்தாறு.

அவள் அப்பா மாரப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அது வியர்வைக்காக அல்ல.

1. முந்தின நாள் போன்

புதிதாக வேலைக்கு வரும் விஏஓக்களுக்காக நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பட்டியல் சாதியில் பிறந்தவர் இந்துவாகவோ சீக்கியராகவோ பௌத்தராகவோ இருந்தால்தான் எஸ்சி சான்றிதழ். கிறித்தவரானால் நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். சாதி மாறாது. டீக்கடையில் அவரைப் பார்க்கும் பார்வையும் மாறாது. சான்றிதழ் மட்டும் மாறும். மனுவை ஆன்லைனில் போடுவார்கள். அது முதலில் விஏஓ லாகினுக்கு வரும். நாங்கள் வீட்டுக்குப் போய் விசாரித்து ரிமார்க்ஸ் எழுதி வருவாய் ஆய்வாளருக்கு, அதாவது ஆர்ஐக்கு, அனுப்புவோம். அங்கிருந்து தாசில்தாருக்குப் போகும்.

கலைவாணி இருந்த வீதியில் முப்பது வீடுகள். பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை தகரக் கொட்டகை ஜெபவீட்டுக்குப் போகிறவர்கள். சான்றிதழில் முப்பது வீடும் இந்து.

என் பழக்கம் இது. விசாரணைக்கு முந்தின நாள் போன் செய்து, "நாளைக்குப் பத்து மணிக்கு வாரேன், ஊட்டுல இருங்க" என்று சொல்லிவிடுவேன். மறுநாள் போனால் சுவரில் ஒரு இடம் மட்டும் வெளுத்துச் சதுரமாகத் தெரியும். பைபிள் வசனக் காலண்டர் தொங்கிய இடம். கழற்றி வைக்கும்படி நான் யாரிடமும் சொன்னதில்லை. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டதும் இல்லை. என் உதவியாளர், தலையாரி ரங்கன் ஒருமுறை சொன்னார்: "இந்த வீதியில ஆணிக்குப் பஞ்சமே இல்லீங்க சார். மாட்டறதுக்குத்தான் ஒண்ணுமே இல்லாம கஷ்டப்படறாங்க."

நான் ரிமார்க்ஸில் 'இந்து' என்று எழுதுவேன். அதை இரக்கம் என்று நினைத்திருந்தேன். எனக்கு வேலை சுலபமாக முடிந்தது என்பதும் உண்மை.

2. எந்தத் தேதி

கலைவாணிக்கு அரசு மருத்துவமனை நர்ஸ் தேர்வில் பெயர் வந்திருந்தது. மூன்று வாரத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. பள்ளிக்கூடக் காலத்து அட்டைச் சான்றிதழ் போதாது, ஆன்லைன் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எஸ்சி பட்டியலில் அவள் மார்க்குக்கு வேலை உறுதி. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் அந்த மார்க் எட்டாது. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வழக்கம்போல் முந்தின நாள் போன் செய்துவிட்டுத்தான் போனேன். சுவரில் காலண்டர் இருந்தது. பக்கத்திலேயே மாரியம்மன் படமும் இருந்தது. அம்மன் மாரப்பனுடையது. காலண்டர் கலைவாணிக்கும், ஞானஸ்நானம் எடுக்காமல் ஜெபவீட்டுக்கு மட்டும் போய்வந்த அவள் அம்மாவுக்கும் உரியது. காலையில் அப்பா கழற்றியதை மகள் மறுபடி மாட்டியிருக்கிறாள்.

மாரப்பன் முன்னால் வந்தார். "சார், அவ பேச்சை எழுதிப்போடாதீங்க. நைட் ட்யூட்டி பாத்துட்டு வந்த புள்ள. தூக்கத்துல என்னமோ உளறுது."

"நேத்து எனக்கு லீவுங்கப்பா."

"அப்ப லீவுல நல்லாத் தூங்கிப்போட்டு உளறுது."

நான் அவளைக் கேட்டேன். "தேர்வுக்கு அப்ளிகேஷன் போடறப்ப ஞானஸ்நானம் எடுத்திருந்தியா, அம்மணி?"

"இல்லீங்க சார். அதுக்கப்புறம்தான். ஆறு மாசமாச்சு."

"அப்ப அன்னைக்கு நீ இந்து. எழுதினது பொய் இல்ல. அதையே வெச்சுக்கலாம்."

"சான்றிதழ்ல எந்தத் தேதிங்க சார் போடுவீங்க?"

"கையெழுத்தாகற தேதி."

"அப்ப அந்தத் தேதிக்கு நான் என்னவோ அதைப் போடுங்க சார்."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. உதவ வந்தவனை உட்கார வைத்துக் கணக்குக் கேட்கிறாளே என்ற கோபம். "உங்க பாஸ்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"பேப்பர் வேற, விசுவாசம் வேறன்னாருங்க. கர்த்தர் இருதயத்தைப் பாக்கறாரு, தாலுகா ஆபீஸைப் பாக்கறதில்லைன்னாருங்க." அவளே சேர்த்துச் சொன்னாள்: "அவருக்கு ரெண்டு புள்ளைங்க சார். ரெண்டு பேரும் காலேஜ்ல படிக்கறாங்க. நான் அவரைக் குத்தம் சொல்லலீங்க."

"அப்புறம் உனக்கு மட்டும் என்ன?"

"ஆஸ்பத்திரியில பேஷண்டுக்கு ஊசி போடாம, போட்டேன்னு சார்ட்ல எழுதினா என்னை வேலையை உட்டு எடுத்துருவாங்க. அது பொய்னா இதுவும் பொய்தானுங்க. ஞானஸ்நானத்தன்னைக்கு வாய்க்கால்ல நிக்கவெச்சு அத்தனை பேர் முன்னால கேட்டாங்க. ஆமான்னேன். நீங்க ஒருத்தர் கேக்கறப்ப எப்படிங்க இல்லைங்கறது?"

"நான் கேக்கவே இல்லையே."

"நீங்க கேக்கமாட்டீங்கன்னு இந்த வீதிக்கே தெரியுமுங்க சார். அதுக்குத்தான் நானே சொன்னேன்."

அவள் குரலில் பெருமை இல்லை. திங்கட்கிழமை வரை ரிப்போர்ட் அனுப்பமாட்டேன், யோசித்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மாரப்பன் வண்டி வரை கூடவே வந்தார். "எங்க ஆத்தா கூலி, நான் கூலி. வெள்ளை உடுப்புப் போட்டு நிக்கற முத ஆளுங்க சார் எங்க ஊட்டுல. இனி நான் அவகூடப் பேசறதா இல்ல" என்றார். பேசவும் இல்லை.

3. முப்பது வீடு

மறுநாள் காலை என் அலுவலகத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். முன்னால் நின்றது பொன்னம்மா. கலைவாணிக்கு ஒரு வகையில் அத்தை. அவள் மகன் எஸ்சி உதவித்தொகையில் என்ஜினியரிங் படிக்கிறான்.

"ஏனுங்க சார், அவ ஒருத்தி மோட்சத்துக்குப் போறதுக்கு நாங்க முப்பது ஊடும் தெருவுல நிக்கோணுமா?"

பயம் நியாயமானது. ஒரு வீட்டில் கிறித்தவர் என்று ரிப்போர்ட் போனால், மற்ற வீடுகளையும் மறுவிசாரணை செய் என்று மேலே இருந்து உத்தரவு வரலாம். வந்தால் நானேதான் போய் விசாரிக்க வேண்டும்.

கலைவாணியை வரச் சொன்னேன். அவள் உள்ளே வருவதற்குள் பொன்னம்மா ஆரம்பித்துவிட்டாள். "ஏண்டி, ஞாயித்துக்கெழமை என்ற பாயில ஒக்காந்து பாட்டுப் பாடறவதான நீ? எங்க பொழப்புல மண்ணைப் போடறதுக்கா பாடினே?"

"அத்தை, உங்களைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

"நீ வேற சொல்லோணுமாக்கும்? உன்ற ரிப்போர்ட்டைப் பாத்தா அடுத்த ஊட்டைக் கேக்கமாட்டாங்களா? நாங்க என்ன சாமியை மறந்துட்டமா? வாயைத் தொறக்காம கும்புடறோம். அதும் கஷ்டந்தான் கண்ணு. உனக்குத் தெரியாது."

கலைவாணி அங்கேதான் அழுதாள். வேலை போகும் என்று சொன்னபோது அழாதவள். "தெரியுமுங்க அத்தை. நானும் அப்படித்தான இத்தனை வருசம் இருந்தேன்" என்றாள். ஆனால் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிறு ஜெபவீட்டில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்று ரங்கன் சொன்னார். கோயமுத்தூர் உக்கடத்திலிருந்து வந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன குடும்பமும் விலகியது. அவர்களும் விசுவாசிகள்தான். மருமகள் சான்றிதழில் கிறித்தவர் என்று இருந்தால் நாளைக்குப் பேரப்பிள்ளைகளின் சான்றிதழில் கேள்வி வருமே என்பது அவர்கள் கவலை. திங்கட்கிழமைக்குள் அவள் கோயமுத்தூருக்குப் போய்விட்டாள். காந்திபுரம் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இடம் பிடித்து, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்துகொண்டாள். போகும்முன் எனக்குப் போன் செய்தாள். "மாத்தம் இல்லீங்க சார்."

4. 'அவர் மட்டும்'

ரிமார்க்ஸுக்கு எங்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. "மனுதாரரும் அவர்தம் குடும்பத்தாரும் இந்து மதத்தைச் சார்ந்தவர்கள் என ஸ்தல விசாரணையில் தெரிய வருகிறது." போனிலேயே சேமித்து வைத்திருப்போம். ஒட்டவேண்டியது, அனுப்பவேண்டியது. அன்றும் கை தானாக அதையே ஒட்டியது. 'இந்து' என்பதை மட்டும் மாற்றி 'கிறித்தவ' என்று அடித்து, அனுப்பும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன். அப்போதுதான் 'குடும்பத்தாரும்' என்ற சொல் கண்ணில் பட்டது. அழுத்தியிருந்தால் மாரியம்மனைக் கும்பிடும் மாரப்பனையும், பத்தாம் வகுப்பு படிக்கும் கலைவாணியின் தங்கையையும் நான் ஒரே அழுத்தில் மதம் மாற்றியிருப்பேன்.

முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். "மனுதாரர் தாமாக அளித்த வாக்குமூலத்தின்படி, அவர் மட்டும் ஆறு மாதங்களுக்கு முன் கிறித்தவ மதத்தைத் தழுவியவர். தந்தை இந்து மதத்தைச் சார்ந்தவர்." இருபத்தாறு ஆண்டுகளில் நான் மிக மெதுவாக எழுதிய ரிப்போர்ட் அதுதான்.

ஆர்ஐ போனில் வந்தார். "என்னங்க, அந்தப் புள்ளை சொல்லுச்சுன்னா எழுதிப்போடறதா? மத்த ஊடுக கதை என்ன?"

"அவங்க யாரும் மனு போடலீங்க சார்."

"போட்டா?"

"போட்டா அப்ப விசாரிக்கறேனுங்க."

அவர் சிரித்தார். "உங்களுக்கு ரிட்டயர்மென்ட் எப்பங்க?" என்று கேட்டுவிட்டு ரிப்போர்ட்டை மேலே அனுப்பினார். மறுவிசாரணை உத்தரவு வரவில்லை. வரும் வரும் என்று அந்த வீதி ஒரு வருடம் பயந்தது. அந்த ஒரு வருடமும் பொன்னம்மா மாரப்பன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

கலைவாணி புதுச் சான்றிதழோடு சரிபார்ப்புக்குப் போனாள். இறுதிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இப்போதும் அதே தனியார் ஆஸ்பத்திரிதான். அரசுச் சம்பளத்தில் பாதிகூட வராது. ஒருமுறை என் மனைவியை அங்கே சேர்த்திருந்தபோது பார்த்தேன். "வருத்தமா, அம்மணி?" என்று கேட்டேன். "இருக்குதுங்க சார். சம்பள நாள்ல ரொம்ப இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ட்ரிப் வேகத்தைச் சரி செய்தாள்.

5. வாசித்துக் காட்டியது

சரிபார்ப்புக்கு முந்தின வாரம் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

சான்றிதழ் தயார் என்ற மெசேஜ் மனுவில் கொடுத்திருந்த மாரப்பனின் போனுக்கு வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். அதை நேராகப் பிடித்திருக்கிறோமா என்று ரங்கனைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், அவ அந்தப் பக்கம் போயிட்டான்னு எழுதிப்போட்டீங்களா?"

"எழுதியிருக்குதுங்க."

"அப்ப இதுல எம் பேரு இருக்காதுங்களா?"

எனக்கு உடனே புரியவில்லை. மகள் கிறித்தவரானதும் சான்றிதழில் அப்பா பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அவர் நினைத்திருந்தார். இரண்டு வாரமாக இந்தச் சந்தேகத்தோடு இருந்திருக்கிறார். யாரிடமும் கேட்கவில்லை. மனு போட்டவரிடம் சான்றிதழில் என்ன இருக்கும், என்ன மாறும், என்ன மாறாது என்று சொல்ல வேண்டியது என் வேலை. ரிமார்க்ஸில் அவ்வளவு கவனமாக இருந்த நான், வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை.

வாங்கி வாசித்துக் காட்டினேன். ஊர், வட்டம், வீட்டு எண் எல்லாம் வாசித்து, "மாரப்பன் மகள் கலைவாணி" என்ற இடத்தில் விரலை வைத்தேன்.

"இன்னொருக்காப் படிங்க சார்."

படித்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தாலும், சான்றிதழை வாசித்துக் காட்டாமல் நான் யாரிடமும் கொடுத்ததில்லை. இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ரிமார்க்ஸ் கட்டத்துக்குள் என்ன எழுதவேண்டும் என்பதைச் சட்டம் சொல்லிவிடும். எழுதியது ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து சொல்லவேண்டும்.

மாரப்பன் காகிதத்தை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டார். அவருடைய மனைவி அன்று மாலை கோயமுத்தூர் போவதாக இருந்தது. அவரிடம் கொடுத்தனுப்பினால் போதும் என்றேன்.

"வேண்டாமுங்க. நானே கொண்டுபோறேன்" என்றார். பிறகு ரங்கனிடம் திரும்பி, "காந்திபுரத்துக்கு அடுத்த பஸ்ஸு எப்பங்க?" என்று கேட்டார்.