ஒரே அடியில் முடித்த இருவர்

கரிசல்காட்டில் கோல்ஃபா என்று சிரிக்கிறவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடுங்கள். நான் காத்திருக்கிறேன். உளுந்தும் பருத்தியும் விளைகிற மண்ணில் சும்மா புல் வளர்க்க யாரும் தண்ணீர் பாய்ச்ச மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். நான் ஆடுவது போனில். விரலால் இழுத்து விட்டால் பந்து பறக்கும். பதினெட்டுக் குழிகளிலும் பந்தைப் போட்டு முடிக்க யாருக்குக் குறைவான அடிகள் ஆகிறதோ, அவருக்கு வெற்றி. பசுவந்தனைக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு, வேலைக்குப் போய்வரும் வேனில் பொழுது போகாமல் பிடித்துக்கொண்ட ஆட்டம் இது. நன்றாகவே ஆடுவேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

கோவில்பட்டியில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிதான் எங்கள் குரூப்பை நடத்துகிறார். சனிக்கிழமைதோறும் போட்டி. காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். அன்றைக்குள் எப்போது வேண்டுமானாலும் ஆடி ஸ்கோரைப் போடலாம். எல்லாருக்கும் ஒரே மைதானம், ஒரே காற்று. முதல் நான்கு பேர் மறுநாள் ஃபைனல் ஆடுவார்கள். இரண்டு பேர் சமமாக வந்துவிட்டால், யார் முதலில் ஸ்கோர் போட்டாரோ அவர் மேலே. இது அண்ணாச்சி வைத்த சட்டம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நான் புதியம்புத்தூரில் ரெடிமேட் சட்டை தைக்கிற யூனிட்டில் வேலை பார்க்கிறேன். எட்டரை மணிக்கே போனை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் மெஷினில் உட்கார வேண்டும். சாயங்காலம் வேன் ஏறும்போதுதான் அது திரும்பக் கைக்கு வரும். அதனால் சமமாக வந்த ஒவ்வொரு முறையும் நான்தான் கீழே போனேன். ஃபைனல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. “விளையாட்டுதானே, விட்டுத் தள்ளு” என்பார் வீட்டுக்காரர். சூப்பர்வைசரிடம் விடுகிறேன், மாமியார் வீட்டாரிடம் விடுகிறேன். விளையாட்டிலுமா விடுவது?

போன மாசம் ஒரு சனிக்கிழமை, நான்காம் இடத்தில் அண்ணாச்சியும் நானும் சமமாக வந்தோம். அவர் கடையில் வியாபாரம் சூடு பிடிப்பதற்கு முன்பே ஆடி முடித்துவிட்டார். நான் வேனில் கடைசிப் பந்தைப் போட்டு ஸ்கோரை அனுப்பிய மறு நிமிடமே, “அண்ணாச்சி ஃபைனல்” என்று ஆளாளுக்குப் பூங்கொத்துப் படம் போட ஆரம்பித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேனில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி குரல் பதிவு செய்து அனுப்பினேன்.

“அண்ணாச்சி, நாம ரெண்டு பேரும் ஒரே அடியிலதான் முடிச்சிருக்கோம். நீங்க கல்லாவுல உக்காந்து ஆடுன நேரத்துல நான் சட்டைக்குக் காலர் வச்சுக்கிட்டு இருந்தேன். முந்தி வந்தவங்களுக்கு முதல்ல குடுக்க இதென்ன ரேஷன் கடையா?”

“வேற எப்படித்தான் பிரிக்கச் சொல்லுத, தங்கச்சி?” என்று அவரும் குரலிலேயே கேட்டார்.

“கடைசி ஒம்பது குழியில யாருக்கு அடி கம்மின்னு பாருங்க. அதுவும் சமம்னா கடைசி ஆறு. பெறவு கடைசி மூணு. அப்பவும் தீரலைன்னா கடைசிக் குழி. நெசமான கோல்ஃப்லயே அப்படிப் பாக்குத வழக்கம் உண்டு. ஆட்டத்தைப் பாத்துப் பிரிங்க அண்ணாச்சி, மணியைப் பாத்துப் பிரிக்காதீங்க.”

குளத்தூர்க்காரர் ஒருவர் குறுக்கே வந்தார். “தனக்குத் தோதா இருக்குன்னுதான் புதுச் சட்டம் பேசுது” என்று எழுதி, சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டார். இன்னும் நாலைந்து பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

எங்கள் இருவருடைய ஸ்கோர் கார்டும் குரூப்பிலேயேதான் கிடந்தது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நான் பார்த்திருந்தேன். முதல் ஒன்பது குழியில் அவரைவிட எனக்கு இரண்டு அடி குறைவு, கடைசி ஒன்பதில் இரண்டு அடி கூடுதல்.

“கார்டைத் தொறந்து பாருங்க” என்றேன். “பதினேழாவது குழியில பந்தைத் தண்ணிக்குள்ள போட்டுட்டேன். நான் சொல்லுத சட்டப்படியும் அண்ணாச்சிதான் மேல. அது தெரிஞ்சுதான் கேக்கேன்.”

அடுத்து வந்த குரல் பதிவு அண்ணாச்சியுடையது. நல்ல மனுஷர்தான், அதை மறுக்க மாட்டேன். “எனக்கு ஃபைனல் ஒண்ணும் பெருசில்ல தாயி. நான் ஒதுங்கிக்கிடுதேன். நாளைக்கு நீயே ஆடு” என்றார். சற்று முன் சிரித்தவர்களே இப்போது கைதட்டினார்கள்.

ஆசையாக இருந்தது. எத்தனை சனிக்கிழமை ஏங்கிய இடம்! சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வாங்கிக்கொண்டால் அது அண்ணாச்சி பார்த்துக் கொடுத்த இடமாகத்தான் இருக்கும். அடுத்த சனிக்கிழமை அதே சட்டம், அதே நான்.

“விட்டுக்குடுக்குத எடம் எனக்கு வேண்டாம் அண்ணாச்சி. நீங்களே ஆடுங்க. ஆனா சட்டத்தை மாத்திட்டு ஆடுங்க.”

வேன் ஊருக்குள் நுழைவதற்குள் புதுச் சட்டம் வந்துவிட்டது. கடைசி ஒன்பது, ஆறு, மூன்று, ஒன்று என்று நான் சொன்னபடியே எழுதியிருந்தார். அதற்குக் கீழே அன்றைய வரிசை. நான்காவது அவர், ஐந்தாவது நான்.

வீட்டுக்காரர் ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். ஃபைனல் உண்டா என்று கேட்டார். தோற்றுவிட்டேன் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“தோத்துட்டு எதுக்குட்டி இப்படிச் சிரிக்கே?”

“இத்தனை நாளும் மணி பாத்து என்னைத் தோக்கடிச்சாங்க. இன்னைக்குத்தான் நானே தோத்திருக்கேன்.”