மாப்பிள்ளை வண்டியின் இரும்புக் கம்பி

எழுத்தில் பிழை இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நேரமும் தூரமும் மறந்துபோகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மண்ணூரிலிருந்து மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு, ஒரகடத்தில் அவர் கம்பெனி வாசலில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் திரும்புவதாக ஏற்பாடு. எல்லாம் சேர்த்து இருபது கிலோமீட்டர் இருக்கும். அவருக்கு எட்டு மணி ஷிப்ட்.

அவர் வண்டியில் இன்ஜினுக்கு முன்னால் இரண்டு பக்கமும் வளைந்த கம்பி உண்டு. கிராஷ் கார்டு என்கிறார்கள். அதன்மேல் கால் நீட்டி வைக்க இரண்டு சின்னக் கட்டைகள். காலி ரோட்டில் மாப்பிள்ளை காலை நீட்டினார். எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது என்று வெகுதூரம் யோசித்துவிட்டு, "பிரேக்கு எட்டுமா மாப்ள?" என்றேன்.

"கம்பெனி லைன்ல நாள் பூரா நின்னுகினே கீறேன் அத்தே. முட்டி கொஞ்சம் ஆறட்டும்."

லாரிகள் வந்ததும் அவரே காலைக் கீழே எடுத்துக்கொண்டார்.

ஆறே முக்காலுக்குக் கோயில். ஏழேகாலுக்குக் கிளம்பினோம். ஒரகடம் வளைவில், லாரி சிந்திய ஜல்லியில் வண்டி சறுக்கி இடப்பக்கம் விழுந்தது. எனக்கு முழங்கை சிராய்த்தது. அவர் கால் வண்டிக்குக் கீழே. கம்பி வளைந்தாலும் ரோட்டில் ஊன்றி வண்டியைத் தாங்கியது. காலை உருவிக்கொண்டு எழுந்தார்.

ஏழே முக்காலுக்குக் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி மறித்தார்.

"இன்னாபா, இன்னிக்கும் கார்டோட வந்துகீற? ஸ்டாண்டுல ரெண்டு வண்டி எடத்த அடைக்குது. கயட்டிட்டு வா."

நான் வெளியாட்களிடம் பேசுகிறவள் இல்லை. அன்று வாய் திறந்துவிட்டது.

"இப்பதான்பா கீழ வுழுந்தோம். இது இல்லன்னா அவரு காலு இப்டி வளைஞ்சிருக்கும்."

செக்யூரிட்டி தன் தலைக்குமேல் இருந்த பலகையைக் காட்டினார். விபத்தில்லாத நாட்கள் என்று போட்டு ஒரு எண்.

"ரோட்ல வுழுந்தது அதுல வராதுமா."

உள்ளே, கால் விரலுக்கு இரும்பு வைத்த ஷூ போடாமல் யாரையும் நிற்க விடமாட்டார்களாம். அந்தக் கால் வீட்டிலிருந்து பறந்தா வருகிறது?

எதிர் டீக்கடைக்குப் பின்னால் மாப்பிள்ளை ஸ்பேனர் போட்டுக் கம்பியைக் கழற்றினார். அங்கே இதேபோல் கம்பிகள் குவியலாகக் கிடந்தன, பெயர் எழுதிய துணி கட்டி.

"சாயங்காலம் மாட்டிக்குவாங்களா?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"மொத ரெண்டு நாளு மாட்டுவாங்கமா."

குவியலுக்குள் புல் முளைத்திருந்தது.

எங்கள் கம்பியை அங்கே போட நான் விடவில்லை. வளைந்ததை எப்படியும் வெல்டிங் கடையில் நிமிர்த்த வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். வெல்டிங் கடை இருக்கிற ஸ்ரீபெரும்புதூருக்கு நாற்பது ரூபாய்.

"பழைய இரும்பாமா?" என்றார் டிரைவர்.

"எங்க மாப்ள காலு."

நிமிர்த்திய கம்பி இப்போது வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறது. மாப்பிள்ளை அது இல்லாமல்தான் வேலைக்குப் போய் வருகிறார். வண்டிச் சத்தம் கேட்கும்வரை என் பெண் வாசலில் நிற்கிறாள்.

தூரமும் ஆட்டோ கட்டணமும் சரியா என்று தெரிந்தவர்கள் பாருங்கள். கார்டு கூடாது என்று உண்மையில் எங்காவது எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அதை எழுதினவர் வேலைக்கு எதில் வருகிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.