இறந்தவர் பெயரில் வந்த மெயில்

பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் வகுப்பில் என்னோடு எம்.ஏ. படித்தவர் அரியாங்குப்பத்து அக்கா. அவருடைய முப்பதாம் நாள் பூசைக்குப் போய்விட்டு வந்து மெயிலைத் திறந்தால், அக்காவிடமிருந்தே ஒன்று வந்திருந்தது.

“நோட்ஸ் போட்டிருக்கிறேன். லாகின் செய்து எடுத்துக்கொள்ளவும்.”

எங்கள் எல்லோருக்கும் நோட்ஸ் அனுப்பியவர் அவர்தான். ஆனால் அதற்கு ஒருநாளும் பாஸ்வேர்டு கேட்டதில்லை. லிங்கில் இருந்த முகவரியும் பல்கலைக்கழகத்துடையது இல்லை. எவனோ ஒரு பொறுக்கி அவர் கணக்குக்குள் புகுந்து, பழைய மெயில்களைப் படித்துவிட்டு, எங்களுக்குத் தூண்டில் போட்டிருக்கிறான்.

வகுப்பு குரூப்பில் எச்சரிப்பதற்குள் உடன் படிக்கும் பையன் ஒருவன் போன் செய்தான்.

“அக்கா முன்னாடியே போட்டு வச்சது இப்பதான் வருதுன்னு நெனச்சு பாஸ்வேர்டு குடுத்துட்டேண்ணே.”

“மொதல்ல அத மாத்துடா” என்றேன்.

பிறகு பல்கலைக்கழக உதவி மையத்துக்கு, அக்கா இறந்துவிட்டார், அவர் கணக்கை முடக்குங்கள் என்று விவரமாக எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: “கணக்கு வைத்திருப்பவரையே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொல்லவும்.”

தூ! அந்தத் திருடனாவது அக்கா எழுதியதையெல்லாம் ஒழுங்காகப் படித்திருந்தான்.