காற்றில் விட்ட வேர்

வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள், தன் ஆர்க்கிட் செடியையும் கூடவே தூக்கி வந்திருந்தாள். அதன் பழைய பூத்தண்டில் ஒரு குட்டிச்செடி முளைத்து, மண்ணில்லாமல் காற்றிலேயே வேர் விட்டிருந்தது.

"வேர் விரல் நீளம் வந்துட்டும்மா. குட்டிய வெட்டித் தனியா வைக்கப்போறேன்" என்று கத்தரியை எடுத்தாள். அந்த வெளிறிய வேரைப் பார்த்ததும் எனக்குச் சின்ன வயது நினைவு வந்தது.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டு வாசலில், காத்து கருப்பு அண்டாமலிருக்க ஆகாசக் கருடன் கிழங்கு தொங்கும். மண்ணும் தண்ணீரும் இல்லாமலே துளிர்க்கும். அம்மா அப்போது ஏழு மாதம். எட்டு வயதுக்காரி நான் முக்காலி போட்டு ஏறி, துளிரைக் கிழங்குத் துண்டோடு பிய்த்துக் கொல்லைக் கரிசலில் ஊன்றினேன். மறுநாள் கிழங்கு சுருங்கித் தொங்கியது.

"யாருட்டி இதத் தொட்டது?" என்று அம்மா வயிற்றைப் பிடித்தபடி கேட்டாள்.

"தெரியாதும்மா."

அந்த வாரமே தம்பி இறந்து பிறந்தான். நான் ஊன்றியது மட்டும் மழையில்லாமலே வேலி முழுக்கப் படர்ந்தது. நாற்பது வருடமாக முருகனிடம் மட்டும்தான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

மகளிடமிருந்து கத்தரியை வாங்கினேன். "நீ நல்லபடியா பெத்து எந்திரிட்டி. பெறவு வெட்டலாம்."

"செடிக்கும் நாள் பாக்குதியாம்மா?" என்று சிரித்தாள்.

கத்தரியை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.