மூன்று மணி வரை ஒரு பெஞ்சில்

சணல் கயிற்றில் கட்டிய வாபஸ் படிவக் கட்டு ஒன்று என் மேசையின் ஓரத்தில் எப்போதும் தயாராக இருக்கும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பேரையூர்ப் பக்கம் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு வேட்புமனு வாங்குவது என் வேலை. வில்லாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவளுக்கு ஊர் நிலவரம் என்ன தெரியும்? ஆனால் ஒரு கிராமத்தைப் பற்றி மட்டும் சேர்ந்த வாரமே சொல்லிவிட்டார்கள். அங்கே தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆள்வதோ பெரிய வீட்டுக்காரர். காலனிக்காரர்கள் தெருவில் சைக்கிள் மிதிக்கக்கூட அவர் தலையசைக்க வேண்டும். யார் மனுப் போட்டாலும் அவருடைய ஜீப்பே கூட்டிவந்து வாபஸ் வாங்க வைக்கும். பதவி காலியாகவே கிடந்தது.

அதனால் அந்த ஊர் மனு வந்தால், ரசீதோடு வாபஸ் படிவத்தையும் நிரப்பி, குண்டூசி குத்திக் கொடுத்துவிடுவேன். பாவம், அலைச்சல் மிச்சமாகட்டும் என்ற நல்லெண்ணம்! நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அந்த வருடம் காலனியிலிருந்து டெய்லர் அண்ணன் வந்தார். ஊரில் பாதிப் பேரின் சட்டை அவர் தைத்தது. ஆனால் மேலத்தெருக்காரர்கள் அளவெடுக்கத் தொடவிடாமல் பழைய சட்டையை அளவுக்குத் தூக்கிப் போடுவார்களாம். நான் கொடுத்ததை நின்று நிதானமாக வாசித்தார். குண்டூசியைக் கழற்றி, படிவத்தை மட்டும் மேசைமேல் திருப்பி வைத்தார்.

"இது எனக்கு வேணாம் மேடம்."

"உங்க ஊர்ல எல்லாரும் வாங்கிட்டுப் போறதுதான் அண்ணே."

"அதுக்குத்தான் வேணாங்குறேன்."

வேறு யாரும் மனுப் போடவில்லை. வாபஸ் நாளன்று மாலை மூன்று மணி தாண்டிவிட்டால் போட்டியில்லாமல் அவர்தான் தலைவர். அன்று அலுவலகம் திறக்கும்போதே வந்து உள்ளே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் இருந்தால் தூக்கிவந்துவிடுவார்கள், சர்க்கார் ஆபீசுக்குள் கை வைக்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். பதினோரு மணிக்கு ஜீப் வந்து வேப்பமரத்தடியில் நின்றது. யாரும் இறங்கவில்லை. இறங்கிச் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. தேர்தல் பொறுப்பிலிருந்த ஆபீசர் ஃபைலை விட்டுத் தலை நிமிரவில்லை. டெய்லர் அண்ணனுக்கு நான் வாங்கிக் கொடுத்த டீ ஆறி ஆடை படிந்தது.

மூன்று மணி ஆனதும் எழுந்து என் அருகே வந்தார்.

"இனி எம் பேரை யாராலயும் எடுக்க முடியாதுல்ல மேடம்?"

"முடியாதுண்ணே."

"அப்ப வாரேன்."

அவர் தெருவில் இறங்கி நடந்தார். கொஞ்சம் பொறுத்து ஜீப்பும் கிளம்பியது. என் கையெட்டும் தூரத்தில் போன் இருந்தது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் போலீஸ் ஸ்டேஷன் நம்பரும் இருந்தது. ஐந்தே கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

பதவியேற்பு அன்று முறைப்படி மூன்று தடவை அவர் பெயரைக் கூப்பிட்டேன். கடைசி வரிசையில் நின்றிருந்த அவர் மனைவி, நான் பதிவேட்டைத் திறந்ததும் முன்னால் வந்தார்.

"வரலைன்னு எழுதாதீக மேடம். வரவிடலைன்னு எழுதுங்க."

இப்போதெல்லாம் அந்த ஊரில் தேர்தல் ஒழுங்காக நடக்கிறது. காலனிப் பெண் ஒருத்தி தலைவராக இருக்கிறாள், பெரிய வீட்டின் முன்பாகவே ஸ்கூட்டியில் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பதவியேற்பு அன்று, அவர் மனைவி அப்படிக் கேட்டபோது, ஆபீசர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பதிவேடு ஏதோ ஒரு பீரோவில் இன்னும் இருக்கும். அதில் டெய்லர் அண்ணன் பெயருக்கு நேரே, என் கையெழுத்தில், 'வரவில்லை' என்றுதான் இருக்கிறது.