யாளியின் தொண்டை

அந்தப் படத்தில் எனக்குக் கிடைத்த வேலை ஒரு யாளிக்குக் குரல் கொடுப்பது. கோயில் தூண்களில் வாயைப் பிளந்துகொண்டு நிற்குமே, அதே விலங்குதான். திருநெல்வேலிப் பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, ஏழெட்டுப் பேர் கணினிகளுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த அனிமேஷன் படத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். இயக்குநருக்கு ஊர் ஆழ்வார்திருநகரி. ஐதராபாத்தில் பல வருடம் வெளிநாட்டுப் படங்களுக்கு வரைந்து கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும் என்று ஊர் திரும்பியவர். காணாமல்போன தம்பியைத் தேடி ஒரு சிறுமி தாமிரபரணிக் கரையோடு மேற்கே நடந்து பொதிகை மலை ஏறுகிறாள். மலைக்கு மேலே ஒரு குகை. அதன் வாசலில் யாளி படுத்திருக்கிறது. யாரையும் உள்ளே விடாது. இதுதான் கதை.

நான் குரலை வைத்துப் பிழைத்தவன். வானொலியில் தற்காலிக அறிவிப்பாளர், ஜவுளிக்கடை விளம்பரம், ஆனித் தேரோட்டத்துக்கு ஒலிபெருக்கியில் வர்ணனை. தேரோட்டத்தன்று ரத வீதியில் என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் இயக்குநர் வீடு தேடி வந்தார். அடுத்த வாரமே ரெக்கார்டிங் என்றார்.

போன அன்று எனக்குத் தொண்டை சரியில்லை. தேர் நிலைக்கு வந்து சேரும்வரை கத்தியதில் கட்டிக்கொண்டது என்று நினைத்தேன். பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் மைக்குக்கு முன்னால் இரண்டு வரி பேசிவிட்டு நானே நிறுத்தினேன்.

"தொண்டை கட்டியிருக்கு தம்பி. நாலஞ்சு நாள் கழிச்சு வாரேனே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இயக்குநர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. இந்தக் கரகரப்புதான் எனக்கு வேணும். இது சரியாகிறதுக்கு முந்தி எடுத்துரணும்."

அதற்கு அவசரமே இருக்கவில்லை. ஆடி போனது, ஆவணி போனது, கரகரப்பு போகவில்லை. சித்தரத்தை, பனங்கற்கண்டு, மிளகுக் கஷாயம் எல்லாம் குடித்தேன். வானொலியில் என்னைக் கூப்பிடுவது குறைந்தது. ஜவுளிக்கடைக்காரர் என் வயதுக்காரர், பழைய சிநேகிதர். தீபாவளி விளம்பரத்துக்குப் போனபோது ஒரு வரி கேட்டுவிட்டுச் சிரித்தார். "என்ன வே, இந்தக் குரல்ல சேலை விளம்பரம் போட்டா சனம் கடைக்குள்ள வருமா? பைய உடம்பைப் பாரும்."

பெருமாள்புரத்தில் மட்டும் நாளுக்கு நாள் மரியாதை கூடியது. ஒவ்வொரு முறை போகும்போதும் குரல் முன்பைவிடக் கீழே இறங்கியிருந்தது. யாளி வளர்கிறது என்று இயக்குநர் சொன்னார். முதலில் எடுத்த காட்சிகளை இந்தப் புதுக் குரலில் திரும்ப எடுத்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. இத்தனை காலம் சேலைக்கும் நகைக்கும் பேசிய வாய், இப்போது ஒரு மலையையே காவல் காத்தது.

என் மனைவி தபால் ஆபீசில் வேலை பார்த்தாள். எதையும் ஒரு முறைக்கு மேல் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தபோது, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு விடும்போது ஒரு சத்தம் கேக்கு," என்றாள். "குறட்டை இல்ல. வேற."

"படம் முடியட்டும்," என்றேன்.

யாளியை வரைந்துகொண்டிருந்தது மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தி. நான் பேசும்போது என் முகத்தை வீடியோ எடுத்துக்கொள்வார்கள். வாய் அசைவையும் கண் அசைவையும் பார்த்து அவள் அதை யாளிக்குக் கொண்டுவருவாள். மற்ற பாத்திரங்கள் எல்லாம் வேறு ஆட்களிடம் இருந்தன. யாளி மட்டும் முழுக்க அவள் பொறுப்பு. அதிகம் பேசமாட்டாள். புரட்டாசியில் ஒரு நாள் ரெக்கார்டிங் முடிந்து கிளம்பியவனை, "ஒரு நிமிசம் வாங்க அண்ணாச்சி, முடிஞ்ச காட்சி ஒண்ணு பாருங்க," என்று கூப்பிட்டாள்.

சிறுமி குகை வாசலில் வந்து நிற்கிறாள். யாளி தலையை உயர்த்துகிறது. உடனே பேசவில்லை. தலையை இடப்பக்கமாகச் சாய்த்து, கண்ணை லேசாகச் சுருக்கி, எதையோ விழுங்குகிறது. பிறகுதான் வாயைத் திறக்கிறது. அந்த ஒரு தயக்கத்தில் அதற்கு உயிர் வந்துவிட்டது. எனக்கே பயமாக இருந்தது.

"பிரமாதமா இருக்கும்மா. இது ஒனக்கு எப்படித் தோணுச்சு?"

"எனக்குத் தோணல. நீங்க செய்யுதீங்க, நான் வரையுதேன்."

நான் அப்படியெல்லாம் செய்வதில்லையே என்றேன். அவள் திரையில் இரண்டு வீடியோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று ஆனியில் எடுத்தது, இன்னொன்று போன வாரம் எடுத்தது. சத்தத்தை அணைத்துவிட்டு இரண்டையும் ஓடவிட்டாள்.

"இங்கன பாருங்க. மொத நாளு தலை நேரா இருக்கு. இதுல ஒவ்வொரு வசனத்துக்கு முந்தியும் சாய்க்கீங்க. முழுங்கும்போது முகம் மாறுது. காதை வேற தொட்டுக்கிடுதீங்க, இடது காதை." திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "முழுங்கையில வலிக்கா அண்ணாச்சி?"

வலித்தது. காதுக்குள் குத்தலும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. சத்தமில்லாத அந்தப் படத்தில் இருந்த ஆள், கழுத்துக்குள் எதையோ இடிக்காமல் சுமந்துபோகிறவனைப் போலப் பேசிக்கொண்டிருந்தான்.

"வயசாச்சுல்லா," என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினேன். பஸ்ஸில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் என் கை இடது காதில் இருப்பது தெரிந்தது. வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மறுநாள் லீவு போட்டாள்.

பாளையங்கோட்டையில் டாக்டர் என் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை இறக்கினார். அங்கேயும் ஒரு திரை. என் தொண்டையின் உட்புறம் அதில் தெரிந்தது. "ஆ சொல்லுங்க," என்றார். சொன்னேன். வலப்பக்கம் அசைந்தது. இடப்பக்கம் தடித்து, வெளுத்து, கிடந்த இடத்திலேயே கிடந்தது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அப்போதும் அசையவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"தேரோட்டத்துலேருந்து," என்றாள் மனைவி.

அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புகையிலை போடுவீர்களா என்று கேட்டார். இளவயதிலிருந்தே வெற்றிலையோடு போடுவேன். சதையைக் கொஞ்சம் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று எங்கள் இருவரையும் உட்காரவைத்து, குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டியிருக்கும், தள்ளிப்போட முடியாது என்றார். கழுத்தில் ஒரு துளை இருக்கும், இனிமேல் மூச்சு அதன் வழியாகத்தான்.

"பேச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"பழைய மாதிரி வராதும்மா. அதுக்கு வேற வழி இருக்கு, பொறவு பாப்போம்."

விஷயம் கேள்விப்பட்டு இயக்குநர் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்க முடியாமல் தவித்தது எனக்குத் தெரியும். கடைசிக் காட்சி பாக்கி இருந்தது. குகையைத் திறந்துவிடும் முன் யாளி சிறுமியிடம் நீளமாகப் பேசுகிற இடம். படமே அதை நோக்கித்தான் போகிறது.

"நாளைக்கு வாரேன் தம்பி," என்று நானே சொன்னேன்.

"பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு," என்றாள் மனைவி. ஆனாலும் மறுநாள் அவளும் கூட வந்தாள்.

மூன்று வரி பேசினேன். நாலாவது வரியில் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன். இருமல் வந்தது. கைக்குட்டையில் சிவப்பாக ஒரு கோடு. கண்ணாடிக்கு வெளியே மேலப்பாளையத்துப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"போதும் அண்ணாச்சி," என்றார் இயக்குநர். "ஒங்க குரல் இத்தனை மாசத்துக்கு எங்ககிட்ட இருக்கு. மிச்சத்தை மிஷின்ல உண்டாக்கிக்கிடலாம். நீங்க சரின்னு சொன்னாத்தான்."

"நான் பேசாததையும் அது பேசுமா?"

"பேசும்."

"என்னத்தை வேணும்னாலும்?"

அவர் கையிலிருந்த ஹெட்போன் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். நான் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று ஐப்பசி மழை. ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறைக் கோயிலை மூடிக்கொண்டு வெள்ளம் போனது. ஆட்டோவில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது பேசிக்கிட்டே வாங்க," என்றாள். எவ்வளவோ பேசியிருக்கலாம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி சரியாகப் பொருந்தவில்லை, ஆள் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

கண் விழித்தபோது மனைவி எதிரே நின்றாள். வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது. கழுத்தின் கீழே சூடாகக் காற்று போனது.

படம் இரண்டு முறை தள்ளிப்போய், அடுத்த கோடை விடுமுறையில் வெளியானது. ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டரில் காலைக் காட்சிக்குப் போனோம். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தேன். அரங்கு முழுக்கப் பிள்ளைகள். யாளி வருவதற்கு முன்னால் கூச்சலும் பாப்கார்னுமாக இருந்தார்கள். அது இருட்டிலிருந்து பேசியதும் சத்தம் அப்படியே நின்றது. எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, அதன் அம்மா தூக்கிக்கொண்டு வெளியே போனாள். யாளி தலையைச் சாய்த்தது, விழுங்கியது, பேசியது. ஒவ்வொரு முறையும் என் தொண்டை வலித்தது, அங்கே வலிக்க ஒன்றும் இல்லாதபோதும்.

கடைசிக் காட்சி வந்தது. என் மூன்று வரிகள் எங்கே முடிகின்றன என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. குரல் என்னுடையதுதான், அந்தக் கரகரப்புதான். ஆனால் யாளி தலையைச் சாய்க்கவில்லை. சாய்ப்பதற்கு வீடியோ கிடையாது. தலையை நேராக வைத்துக்கொண்டு, விழுங்காமல், மூச்சுக்கு நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனது. ரெக்கார்டிங்கில் நான் பிழையாக உச்சரித்துத் திரும்பத் திரும்பப் பேசிய சொற்களைக்கூடச் சுத்தமாகச் சொன்னது. களைப்பே இல்லை.

மனைவி என் காதருகே குனிந்தாள். "இது எப்பம் பேசுனது? நான் அன்னைக்கு அங்கனதான இருந்தேன்?"

இருட்டில் எழுதிக் காட்டவும் முடியாது. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். படம் முடியும்வரை திரையைப் பார்க்காமல் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் நன்றாகப் போனது. யாளியின் குரலைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். இயக்குநர் ஒரு நாள் பழங்களோடு வந்து, என் போனில் ஏதோ ஏற்றிக் கொடுத்தார். நான் எதையாவது தட்டினால் போன் அதை என் குரலிலேயே சொல்லுமாம். மனசார, எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான் செய்தார். டாக்டர் ஏற்பாட்டில் கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு சின்னக் கருவி அதற்குள் வந்திருந்தது. அதில் பேசினால் வண்டு ரீங்காரமிடுவதுபோலக் கேட்கும். இது எவ்வளவோ மேல் என்று எனக்கும் தோன்றியது. சமையலறையைப் பார்த்து, "காப்பி போடுதியா?" என்று தட்டினேன்.

குகைக்குள்ளிருந்து வந்ததுபோல வந்தது. அது கற்றதெல்லாம் யாளியின் வசனங்கள்தான், மிரட்டல் தவிர வேறு தெரியாது. பாத்திரம் ஒன்று கீழே விழுந்த சத்தம் கேட்டது. மனைவி வாசலில் வந்து நின்றாள். இயக்குநர் இருப்பதையும் பார்க்காமல் சொன்னாள்.

"அதை அணைங்க. அந்த வண்டுச் சத்தம் போதும் எனக்கு."

இயக்குநர் போனதும் அதை நீக்கிவிட்டேன். அவரிடம் இருப்பதை என்ன செய்ய முடியும்? இரண்டாம் பாகத்துக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. யாளி அதிலும் வருகிறதாம்.

போன வாரம் பரிசோதனைக்குப் போயிருந்தோம். டாக்டர் கழுத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்ப்பது வழக்கம். வலது தாடைக்குக் கீழே விரலை வைத்தவர் எடுக்கவில்லை. அங்கேயே இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தார். ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறவர், ஸ்கேன் கிடைத்ததும் வாங்க என்றார்.

பஸ்ஸில் வண்ணார்பேட்டை தாண்டும்வரை மனைவி ஸ்கேன் சீட்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். நான் கருவியைக் கழுத்தில் வைத்து, "என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்ல. சும்மா ஒருக்கா பாத்துருவோம்னு சொல்லுதாரு," என்றாள்.

டாக்டர் சொன்னபோது நானும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.