மூட்டை தூக்கும் மூச்சு

வாரம் ஒரு நாள் மலை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்க்கிறேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பாதிப் பொறுமை போயிருக்கும். அப்படி ஒரு காலையில் வந்தார் அரியூர் நாடு என்கிற மலைப்பகுதியிலிருந்து விவசாயி ஒருவர். வயிறு வீங்கி, காலிலும் நீர். அவர் படுப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டார்: "குடிச்சே கெட்டுப்போன ஈரலுங்க. எழுதிக் குடுங்க, அப்பவாச்சும் ஒத்துக்குவாரு."

"தொட்டதே இல்லீங்க," என்றார் அவர். குரலே எழும்பவில்லை.

அந்த அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். ஈரலிலிருந்து இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்களை ஓட்டத்தைத் திரையில் கோடாக வரையும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால், அது அலை அலையாக ஏறி இறங்க வேண்டும். "மூச்சை அடக்குங்க" என்றேன். திரையில் மட்டமான கோடு. குடித்துக் கெட்டு இறுகிப்போன ஈரலில் அப்படி வரும். குடிதான் என்று முடிவு கட்ட மனசு போய்விட்டது. ஆனால் ஈரல் இறுகினால் குழாயும் நெருக்குண்டு மெலிந்திருக்கும். இவருக்கோ பெருத்துக் கிடந்தது. சேரவில்லையே! சேராததை எழுதித் தர மாட்டேன், எனக்கு அந்தப் பிடிவாதம் உண்டு.

இன்னொரு தடவை அடக்கச் சொன்னேன். அதே கோடு. மூன்றாம் தடவை எரிச்சலோடு அவர் முகத்தைப் பார்த்தேன். அடக் கடவுளே! கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைக்க முக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"குச்சிக்கெழங்கு மூட்டை தூக்கறப்ப அடக்குவமுங்களே, அப்படித்தானுங்க."

அப்படி முக்கினால் யாருக்கும் அலை அமுங்கிவிடும். விளக்கிச் சொல்லாதது என் தப்பு.

"மூட்டையை இறக்கி வெச்சுட்டு, சும்மா மூச்சு விடுங்க."

நாலு மூச்சில் அலை எழுந்தது. அம்மாடி, என்ன உயரம்! ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் இதயத்திலிருந்து ஈரலுக்கே திரும்பிப் பாய்ந்தது. இதய வால்வு சரியாக மூடவில்லை. அதனால் தேங்கியதுதான் இத்தனை நீரும்.

மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இது குடியில்லீங்க, இதயத்துக் கோளாறு. வைத்தியம் இருக்கு, இன்னைக்கே கீழ பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

அந்த அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. "தெனமும் சாயங்காலம் வாயை மோந்து பாப்பேனுங்க. ஒரு நாள்கூட வாசம் வரலை. எதையோ மென்னு மறைக்கறாருன்னு நெனச்சேன்."

விவசாயி தன் வயிற்றிலிருந்த ஜெல்லைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "அதையும் எழுதிக் குடுங்க."

"எதைங்க?"

"குடியில்லைன்னு."

ரிப்போர்ட்டில் அப்படியெல்லாம் எழுதுகிற வழக்கமில்லை. ஆனாலும் குடி காரணமில்லை என்று தமிழில், கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன்.